உப்புப் பூத்த சுவரில் ஒரு விண்வெளி வீரர்

வடகிழக்குப் பருவமழை அடித்து ஓய்ந்துவிட்டது. சுவரில் வண்ணம் எங்கும் உப்பவில்லை, உள்ளங்கையில் பொடி ஒட்டவில்லை. ஒரு முழு மழைக்காலத்தைத் தாங்கிய பிறகுதான் எழுதுவது என்று வைத்திருந்தேன். முதல் முறை இதே சுவரில் வரைந்தது ஒரே மழையில் உரிந்து தெருவில் விழுந்தது. இரண்டு முறைக்கும் இடையில் கற்றதைச் சொன்னால், பொதுச் சுவரில் வரைய நினைக்கும் வேறு யாருக்காவது பணமும் உழைப்பும் மிஞ்சும்.

சுவர் வடசென்னையில், காசிமேட்டுக் கடற்காற்று எட்டும் தூரத்தில், ஒரு நடுநிலைப்பள்ளியின் படிக்கட்டுப் பக்கத்துச் சுவர். மேற்குப் பார்த்தது. அகலம் 24 அடி, உயரம் 16 அடி. எதிரே 20 அடித் தெரு. அதைத் தாண்டிப் பின்னால் நகர்ந்து பார்க்க இடமில்லை.

வரைய விரும்பியது குரூப் கேப்டன் அஜித் கிருஷ்ணனை. 1982இல் சென்னையில் பிறந்தவர். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நான்கு விமானப்படை அதிகாரிகளின் பெயர்கள் 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்டபோது அதில் அவர் பெயரும் இருந்தது. சோதனை விமானி, பயிற்றுநர், சுமார் 2,900 மணி நேரம் வானில் இருந்தவர். விமானப்படை அகாடமியில் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கமும் கௌரவ வாளும் பெற்றவர். வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியில் படித்தவர். இவ்வளவு இருந்தும், எங்கள் தெருவில் அந்தப் பெயரைச் சொன்னால் எல்லாரும் நடிகரைத்தான் நினைத்தார்கள். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் கடந்து போகும் இடத்தில் அவர் முகமும் பெயரும் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு அதுவே காரணம்.

முதலில் அனுமதி. அனுமதியில்லாமல் சுவரில் எழுதி அழகைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1959 முதல் இருக்கிறது. நல்ல படமாக இருந்தாலும் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். தலைமை ஆசிரியரிடம் ஒன்று, மாநகராட்சியில் ஒன்று, இரண்டையும் வாங்கி, நகல் எடுத்து, வேலை நடக்கும்போது பையிலேயே வைத்திருந்தேன். விண்ணப்பத்துடன் அளவு குறித்த வண்ண மாதிரிப் படத்தையும் சேர்த்தது நல்லதாயிற்று. "என்ன வரையப் போகிறீர்கள்" என்ற கேள்வி அதோடு தீர்ந்தது.

முதல் முயற்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுவரில் போஸ்டர் பசை, அதன் கீழே சுண்ணாம்பு, அதற்கும் கீழே பழைய சிமெண்ட் பூச்சு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, குழாய் வைத்துக் கழுவி, காய்ந்ததும் பிரைமர் அடித்து, மேலே வண்ணம் தீட்டியாயிற்று. அக்டோபர் மழை வந்தது. கீழிருந்து நான்கு அடி வரை வண்ணம் கொப்புளமாக எழும்பி, அப்பளம் போல் உரிந்தது. உரிந்த தோலின் பின்பக்கம் வெள்ளைப் பொடி. வண்ணத்தின் மேல் குற்றமில்லை. சுவருக்குள் தண்ணீர் இருந்தது, தண்ணீரில் உப்பு இருந்தது. சுமார் ஒன்பதாயிரம் ரூபாய் அப்படிப் போயிற்று.

அதன் பிறகு பல வாரங்கள் பிரஷ்ஷையே தொடவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் வேலையாக இருந்தது. இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் வைத்து இடைவெளியில்லாமல் சுவரில் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தேன். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது, வெளிப்பக்கம் மட்டும் வியர்த்திருந்தால் காற்றிலிருந்து வருகிறது. ஒரே சுவரில் கீழே, நடுவே, மேலே என்று பல இடங்களில் ஒட்டினால் ஈரத்தின் வரைபடமே கிடைத்துவிடும். கீழ் இரண்டரை அடி முழுவதும் வியர்த்தது. அதோடு வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பட்டையாகவும் வியர்த்தது.

வலது ஓரத்துக்குக் காரணம் மொட்டை மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய். சுவருக்குள் புதைந்திருந்த அதன் முழங்கை வளைவு உடைந்திருந்தது. அதைப் பிடுங்கி வெளிப்பக்கமாகப் புதுக் குழாய் போட்டதும் அந்தப் பட்டை காய ஆரம்பித்தது.

கீழ்ப்பகுதி வேறு கதை. சென்னையில் பழைய தெருக்களில் வாழ்பவர்களுக்கு இது தெரிந்ததே. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. பள்ளி கட்டும்போது தரைக்கு மேலே இருந்த அடித்தளம் இப்போது தெரு மட்டத்துக்குக் கீழே. மழை பெய்தால் தண்ணீர் சுவரை ஒட்டி நிற்கிறது, செங்கல் அதை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. தெருவைத் தாழ்த்த என்னால் முடியாது. நீர்க்காப்புக் கலவை சேர்த்துக் கெட்டியாகப் பூசிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் செய்தால் வெளியேற வழியில்லாத ஈரம் பூச்சின் உச்சியைத் தாண்டி இன்னும் மேலே ஏறும், அப்போது முகத்துக்கே ஆபத்து. ஆகவே கீழ் மூன்று அடியைப் படத்துக்குள் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். அங்கே செங்காவி நிறத்தில் ஒரு வெற்றுப் பட்டை மட்டும். சுவர் மூச்சுவிடும்படி எமல்ஷனைத் தவிர்த்துச் சிமெண்ட் பெயிண்ட் அடித்தோம். உப்புப் பூத்தால் பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அடித்துக்கொள்ளலாம். படத்தைக் காப்பாற்றியது இந்த முடிவுதான்.

உப்பை எடுக்கும் முறையையும் சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் உப்பு கரைந்து மறுபடி செங்கலுக்குள்ளேயே போய்விடும். காய்ந்த சுவரைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, விழும் பொடியைக் கீழே விரித்த சாக்கில் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். சில நாள் விட்டுப் பார்த்தால் மறுபடி பூக்கும். மறுபடி காய்ந்த பிரஷ். பூப்பது நின்ற பிறகுதான் அடுத்த வேலை. தட்டிப் பார்த்துப் பொக்கென்று ஒலித்த இடங்களையெல்லாம் கொத்தனார் கொத்தி எடுத்து, ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கில் சிமெண்டும் ஆற்று மணலுக்குப் பதிலாக எம்-சாண்டும் கலந்து பூசினார். புதுப் பூச்சுக்குத் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, 28 நாள் விட்டோம். பொங்கல் முடிந்து வெயில் ஏறத் தொடங்கும் பருவம் இதற்கு மிகப் பொருத்தம். கத்திரி வெயிலுக்குள் வரைந்து முடிக்கவும் நேரம் கிடைக்கும்.

80ஆம் எண் உப்புத்தாள், பிறகு 120. வெளிச்சுவருக்கான பிரைமர் ஒரு பூச்சு. முழுச் சுவருக்கும் பட்டி (சுவரை வழவழப்பாக்கும் மாவுப் பூச்சு) பார்க்கவில்லை. கடற்காற்றில் பட்டிதான் முதலில் விடும். முகம் வரும் இடத்தில் மட்டும் வெளிச்சுவர்ப் பட்டியை மெல்லியதாக இழுத்தோம்.

சாரம் சவுக்குக் கம்பில் கட்டினோம். இரும்புச் சாரம் உறுதியானது, ஆனால் 20 அடித் தெருவில் அது அடைக்கும் இடம் அதிகம். சவுக்குச் சாரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குறுக்குக் கம்பு முகத்தின் நடுவே வரும்படி கட்டிவிட்டால் கண்ணும் மூக்கும் வேலை செய்ய முடியாதபடி மறையும். படத்தின் அளவைச் சுண்ணக்கட்டியால் குறித்துக் காட்டிவிட்டு, அதற்கேற்பத் தளங்களை 4 அடி, 9 அடி உயரங்களில் கட்டச் சொன்னேன்.

இனி என்ன வரைவது என்ற கேள்வி. பிள்ளைகள் ஆரஞ்சு நிற விண்வெளி உடை கேட்டார்கள். 2018இல் பெங்களூரு விண்வெளிக் கண்காட்சியில் இஸ்ரோ வைத்த மாதிரி உடையின் நிறம் அது, படங்களில் பார்த்திருக்கிறார்கள். பூமிக்கு மேலே மிதப்பதுபோல் வரையச் சொன்னவர்களும் உண்டு. நான் இரண்டையும் ஏற்கவில்லை. அந்த நால்வரில் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று ஆக்சியம்-4 பயணத்தில் புறப்பட்டு, சர்வதேச விண்வெளி நிலையத்தில் தங்கி, ஜூலை 15 அன்று திரும்பிவிட்டார். அஜித் கிருஷ்ணன் தம் முறைக்காகப் பயிற்சியோடு காத்திருப்பவர். நடக்காததை நடந்ததாகச் சுவரில் எழுதினால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ரஷ்யாவில் ககாரின் பயிற்சி மையத்தில் 2020 முதல் 2021 வரை பெற்ற பயிற்சி, ஆயிரக்கணக்கான மணி நேரப் பறத்தல், இவையே ஒரு சுவருக்குப் போதுமான பெருமை. ஆகவே விமானி உடையில், தலைக்கவசம் இல்லாமல், இடது பக்கத்தில் மார்பளவு உருவம். வலது பக்கத்தில் ஏவூர்தி. வலது மேல் மூலையில் 5 அடிக்கு 4 அடி இடத்தை அடர்நீலமாக மட்டும் விட்டுவிட்டோம். அவர் போய்வந்த பிறகு அங்கே வரைய வேண்டியது இருக்கும்.

ஆரஞ்சை ஒதுக்கியதற்குத் தொழில் காரணமும் உண்டு. மொட்டை மாடியில் சிமெண்ட் பலகைகளில் எல்லா வண்ணங்களையும் தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடிக் கோடை முழுவதும் வைத்திருந்தேன். ஸ்டெய்னர் (வெள்ளை வண்ணத்தில் நிறம் கூட்டும் சாயம்) கலந்து செய்த ஆரஞ்சும் பளிச்சென்ற மஞ்சளும் இளஞ்சிவப்பும் வெளுத்தன. செங்காவி, மஞ்சள் காவி, கறுப்பு ஆகிய ஆக்சைடு வண்ணங்கள் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்றன. மேற்குச் சுவரில் வரைபவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ஏவூர்தியின் தீயைக்கூடச் செங்காவியும் மஞ்சள் காவியும் வெள்ளையும் வைத்தே முடித்தோம். அடர்நீலத்தைக் கடையில் இயந்திரத்தில் கலந்து வாங்கினோம். வெள்ளை வாளியில் ஸ்டெய்னரை ஊற்றிக்கொண்டே போனால் நிறம் அடர்வதற்குள் வண்ணத்தின் பிடிப்பே போய்விடும்.

படத்தைச் சுவருக்கு ஏற்ற முதலில் புரொஜெக்டரை முயன்றோம். தெரு குறுகல், கருவியைத் தரையில் வைத்து மேல்நோக்கிச் சாய்க்க வேண்டியிருந்தது. நெற்றி அகன்றும் தாடை ஒடுங்கியும் விழுந்தது. கருவியில் திருத்தினால் ஓரங்கள் மங்கின. தெருவிளக்கு வேறு. அதை மூட்டை கட்டிவிட்டுக் கட்டம் போட்டோம். சினிமா பேனர்களும் கட்அவுட்டுகளும் இந்த நகரத்தில் காலங்காலமாக இந்த முறையில்தான் எழுந்தன. ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை இழந்த பேனர் ஓவியர் ஒருவர் எங்கள் பகுதியில் இருக்கிறார். அவரிடம் போய் நின்றேன். படத்தைப் பார்த்ததும், "நூல் நீ அடி தம்பி, முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார்.

தூக்குக்குண்டு தொங்கவிட்டு இரு ஓரங்களிலும் செங்குத்துக் கோடு. டியூப் லெவலில் தண்ணீர் மட்டம் பார்த்து ஒரு கிடைக்கோடு. நீலப்பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்து விட்டால் கோடு விழும். ஓர் அடிக் கட்டங்கள், முகம் வரும் இடத்தில் மட்டும் அரை அடிக் கட்டங்கள். மாதிரிப் படத்தில் ஓர் அங்குலம், சுவரில் ஓர் அடி. நெற்றி முதல் மோவாய் வரை 6 அடி வந்தது. பள்ளியின் தரை மட்டத்தை நம்பி அளக்காதீர்கள். எங்கள் சுவரில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இரண்டு அங்குலம் வித்தியாசம் இருந்தது.

பேனர் ஓவியரான அந்தப் பெரியவர் முகத்தைக் கண்ணிலிருந்து வரையத் தொடங்கவில்லை. "ஐயா, கண் வைத்தால்தானே ஆள் தெரியும்?" என்று கேட்டேன். "நெற்றியும் கன்ன எலும்பும் நிற்கட்டும் தம்பி. அது சரியாக நின்றால் கண் தானாக உட்காரும். முதலிலேயே கண்ணை வைத்துவிட்டால் அதைக் காப்பாற்றவே மற்றதையெல்லாம் தப்பாகப் போடுவாய்" என்றார். நான்கு அங்குலப் பட்டை பிரஷ்ஷில் நிழல்களை மட்டும் பெரிய துண்டுகளாக வைத்தார். சாரத்திலிருந்து பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதிர்ப்பக்கக் கடைத் திண்ணையிலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் முகம் எழுந்து நின்றது.

தோல் நிறத்துக்கு அவர் சொன்ன கலவையை எழுதி வைத்திருக்கிறேன். நடு நிறம்: மஞ்சள் காவி மூன்று டம்ளர், வெள்ளை இரண்டு, செங்காவி ஒன்று. நிழல்: செங்காவி மூன்று, அடர்நீலம் ஒன்று, கறுப்பு ஒரு கரண்டி. கறுப்பை மட்டும் வைத்து நிழல் செய்தால் முகம் அழுக்குப் படிந்ததுபோல் ஆகும், நீலம்தான் அதற்கு உயிர் கொடுப்பது. எமல்ஷன் காய்ந்தால் ஒரு படி அடர்ந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கலவையையும் பலகையில் தடவி, காய்ந்த நிறத்தைப் பார்த்த பிறகே சுவருக்குக் கொண்டுபோனோம். ஒரு நாளைக்குத் தேவையானதைவிட அதிகமாகக் கலந்து மூடியில் தேதியும் பங்கும் எழுதினோம். அடுத்த நாள் அதே நிறத்தை நினைவிலிருந்து பிடிப்பது நடக்காத காரியம்.

மேற்குச் சுவர் என்பதால் காலையில் நிழல். ஆறரை மணிக்கு ஏறினால் பதினொன்றரை வரை. நண்பகலுக்குப் பிறகு வெயில் நேராக அடிக்கும், பிரஷ்ஷிலேயே வண்ணம் காயும், ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் தழும்பு விழும். அந்த நேரத்தில் பள்ளிக்குள் உட்கார்ந்து ஸ்டென்சில் வெட்டினோம்.

ஏவூர்தியை அளவோடு வரைந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பல சுவர்களில் ஏவூர்தி என்றால் தீபாவளி ராக்கெட் போல ஒன்றைத்தான் வரைகிறார்கள். மனிதரை ஏற்றிச் செல்லும் எல்விஎம்-3 ஏவூர்தியின் உயரம் 53 மீட்டர். ஓர் அடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். மொத்த உயரம் 10 அடி 7 அங்குலம். நடு உடலின் விட்டம் 4 மீட்டர், சுவரில் சுமார் பத்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இரு பக்கத் திட எரிபொருள் பூஸ்டர்கள் 25 மீட்டர் நீளம், 3.2 மீட்டர் விட்டம். சுவரில் 5 அடி நீளமும் ஏழே முக்கால் அங்குல அகலமும். நான் முதலில் கண்ணளவில் போட்ட கோட்டில் பூஸ்டர்கள் உடலின் முக்கால் உயரம் ஏறியிருந்தன. கணக்குப் போட்டபோதுதான் அவை பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது. உச்சியில் கூர்மையாக நிற்பது ஆபத்தில் வீரர்களை இழுத்துக்கொண்டு விலகும் தப்பிப்பு அமைப்பு. அதைக் கட்டாயம் வரைய வேண்டும், மனிதர் செல்லும் ஏவூர்தி என்பதற்கு அதுவே அடையாளம். நடு உடலுக்குள் இரட்டையாக எரியும் விகாஸ் இன்ஜின்கள் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படுபவை. ஏழாம் வகுப்பு ஆசிரியை இந்த அளவுகளை வைத்தே விகிதப் பாடம் நடத்தினார்.

ஏவூர்திக்கும் உருவத்துக்கும் இடையில் அஜித் கிருஷ்ணன் ஓட்டிய விமானங்களின் நிழலுருவங்கள்: சுகோய்-30, மிக்-21, மிக்-29, ஜாகுவார், டோர்னியர், ஏஎன்-32. பழைய எக்ஸ்ரே படலத்தில் வெட்டிய ஸ்டென்சில். எக்ஸ்ரே படலம் ஈரத்தில் சுருளாது, கழுவித் திரும்பப் பயன்படுத்தலாம். பிரஷ்ஷைத் தவிர்த்து, ஸ்பாஞ்சில் வண்ணத்தைத் துடைத்துக் குறைத்து ஒற்றி எடுத்தால் ஓரம் ஒழுகாது. ஏஎன்-32இன் இன்ஜின்கள் இறக்கைக்கு மேலே இருப்பவை. முதல் வெட்டில் கீழே தொங்கவிட்டிருந்தோம், வேறு படலம் எடுத்து மறுபடி வெட்டினோம்.

பெயரை 14 அங்குல எழுத்தில், "அஜித் கிருஷ்ணன்" என்று மட்டும் எழுதினோம். பதவியும் "ககன்யான் விண்வெளி வீரர்" என்ற வரியும் அதன் கீழே 5 அங்குலத்தில், தனிப் பட்டையில். பதவி உயரும், அப்போது அந்தப் பட்டையை மட்டும் மாற்றி எழுதினால் போதும்.

மேல்பூச்சில் ஒரு பாடம். மாலையில், காற்றில் ஈரம் ஏறிய நேரத்தில், ஒரு மூலையில் கிளியர் கோட் (வண்ணத்தைக் காக்கும் நிறமற்ற பூச்சு) அடித்துப் பார்த்தோம். காலையில் அந்த மூலை பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தது. அடர்நீலத்தில் அது மிகவும் தெரிந்தது. அந்த இடத்தை உப்புத்தாள் போட்டு மறுபடி நீலம் அடித்தோம். பிறகு காலை எட்டு மணிக்கு மேல், மெல்லியதாக, இரண்டு பூச்சு. பளபளப்பு இல்லாத வகையையே வாங்குங்கள். மேற்கு வெயிலில் பளபளப்புப் பூச்சு கண்ணாடிபோல் எறித்து முகத்தை மறைத்துவிடும்.

செலவு: கொத்தனார் கூலி, சிமெண்ட், எம்-சாண்ட், குழாய் மாற்றம் எல்லாம் சேர்த்து 14,200 ரூபாய். பிரைமரும் பட்டியும் 3,100. எமல்ஷன் வண்ணங்கள் 11,400. சிமெண்ட் பெயிண்டும் ஸ்டெய்னர்களும் 2,350. சார வாடகை 4,500. பிரஷ், ரோலர், டேப், உப்புத்தாள் 2,650. கிளியர் கோட் 3,800. பெரியவருக்கு 12,000, அவர் கேட்கவில்லை, நாங்கள் விடவில்லை. மொத்தம் 54,000. சதுர அடிக்கு 140 ரூபாய்க்குச் சற்றே மேல். முதல் முறை வீணான பணம் இதில் சேராது. பழைய மாணவர்களும் தெருக் கடைக்காரர்களும் கொடுத்ததில்தான் எல்லாம் நடந்தது.

அடுத்த சுவருக்கு மாற்ற வேண்டியவை சில உண்டு. பாலித்தீன் தாள் சோதனையை மழைக்காலத்திலேயே செய்துவிட வேண்டும். கோடையில் எந்தச் சுவரும் நல்ல சுவராகத் தோன்றும். முகத்தை இன்னும் ஓர் அடி உயர்த்த வேண்டும். இப்போது சுவரோரம் வண்டி நிறுத்தினால் மார்புப் பகுதி மறைகிறது. சுவரின் உச்சியில் இரண்டு அங்குலம் வெளியே நீட்டிய சிமெண்ட் மழைத்தடுப்பு ஒன்றை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். அது இல்லாததால் மேல் விளிம்பிலிருந்து அழுக்கு நீர் வழிந்து நீலத்தில் இரண்டு சாம்பல் கோடுகள் விழுந்திருக்கின்றன. இந்தத் தை மாதம் கொத்தனாரை அழைத்து அதை முடிக்கப் போகிறோம். மீந்த வண்ணங்களை நிறத்துக்கு ஒரு லிட்டர் டப்பாவாகப் பிரித்து, காற்றுப் புகாமல் மூடி, கலவைப் பங்குகள் எழுதிய நோட்டோடு பள்ளியின் அறிவியல் அறையில் வைத்திருக்கிறோம். செங்காவிப் பட்டையை ஆண்டுதோறும் அடிக்கும் பொறுப்பை எட்டாம் வகுப்பு ஏற்றுக்கொண்டிருக்கிறது.